ஓவசியர் இன்னும் வந்து சேரவில்லை

யேசு மரி சூசை

அரியாலை,
10–1–1938

அன்புள்ள தம்பி கிறிஸ்துநாயகத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எண்ணுகிறேன். உன் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லாதபடியால் எண்ணத்தான் முடியும். கடிதம் எழுதுகிறவர் முதலில் தன் சுகத்தைச் சொல்லி, மற்றவர் சுகத்தை விசாரித்து, அதன் பிறகுதான் விஷயத்துக்கு வரவேண்டும் என்று கன்னியர் மடத்தில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். உன்னைப் படிப்பித்த குருமார் அதை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

புதுவருஷத்தோடு உனக்குப் பென்சன் ஆகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குளிரில் தெரு ஓவசியராக நின்று, துரைமாரின் கார்கள் போவதற்குக் கல் பரவியது போதும். பென்சன் எடுத்தவர்கள் எல்லாரும் மெயில் வண்டியில் ஏறி மறுநாள் காலை யாழ்ப்பாணத்தில் இறங்குகிறார்கள். நீ என்னவென்றால், கம்பளையில் தொடங்கி மலைத் தெருவால் சைக்கிளில் ஏறி, நுவரெலியாக் குளத்தைச் சுற்றி, வெலிமடைப் பக்கம் எல்லாம் திரிந்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு ஐம்பத்தெட்டு வயது. நீ கல் போட்ட தெருவை நீயே போய்ப் பார்க்க அதில் என்ன இருக்கிறது?

உனக்கென்று தெற்கு அறைக்கு வெள்ளையடிப்பித்திருக்கிறேன். கட்டில் புதிதாகப் பின்னியாயிற்று. கோவிலில் ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வாங்கில் நீ உட்கார இடம் என்று பங்குச் சுவாமியிடமும் சொல்லிவிட்டேன்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். அவர் போய் ஒன்பது வருஷம். எங்களுக்கு ஆண்டவர் பிள்ளைகளைத் தரவில்லை. எனக்கு அறுபத்தாறு வயது. நான் சாகும்போது என் கண்ணை மூடிவிட என் இரத்தத்தில் உன்னைத் தவிர ஒருவரும் இல்லை. அயல் வீட்டார் வந்து அதைச் செய்வதை நான் விரும்பவில்லை. அவ்வளவுதான்.

காணிக்கை மாதா திருநாளுக்கு முன் வந்து சேர்.

உன் நலத்துக்காக நாளும் செபிக்கும் தமக்கை,
லூர்த்தம்மா

✦

றம்பொடை,
21–1–1938

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவலாயிருக்கிறேன். இனி விஷயத்துக்கு வரலாம்தானே?

கம்பளையிலிருந்து ஏறி றம்பொடை வந்து சேர்ந்தேன். ஏறினேன் என்பது பாதி பொய். பாதித் தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு காலத்தில் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்த வளைவுகளில் இப்போது ஒவ்வொரு மதகிலும் உட்கார்ந்து மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது. புசல்லாவைக்கு மேலே கொழுந்து எடுக்கும் பெண்கள் சிலர் கூடையோடு தெருக்கரையில் நின்றார்கள். ஒருத்தி, "என்னாங்கய்யா, சைக்கிளு ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போகுதா, நீங்க சைக்கிளக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் பென்சன், அம்மா" என்றேன்.

"அப்ப ரெண்டு பேரையும் ஒரே கொட்டகையில கட்டிப் புல்லுப் போடணும்" என்றாள் இன்னொருத்தி. அடுத்த வளைவு வரைக்கும் அவர்களுடைய சிரிப்புக் கேட்டது.

ஓரிடத்தில் மதகு இலைகுப்பையால் அடைபட்டிருந்தது. கை சும்மா இருக்கவில்லை. இறங்கி வாரி எடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் புது ஓவசியர் லொறியில் வந்துவிட்டார். சண்டிலிப்பாய் ஆள். "என்ன ஐயா, இன்னும் சம்பளம் தாறாங்களோ?" என்றார். "இல்லைத் தம்பி, நீர் எடுக்கிற சம்பளத்துக்கு நான் வேலை செய்யிறன்" என்றேன். நல்ல மனிதர், தேத்தண்ணீர் வாங்கித் தந்தார்.

இறக்கங்களை நினைத்து நீங்கள் பயப்படவேண்டாம். இந்த மலையில் பிறேக்கை மட்டும் நம்பி ஒருவரும் இறங்குவதில்லை. ஒரு மரக்கொப்பை வெட்டிக் கயிற்றால் சைக்கிளுக்குப் பின்னால் கட்டிவிடுவோம். அது தெருவில் இழுபட்டு வேகத்தைப் பிடித்துவைக்கும். தூசி கிளம்பும், பின்னால் வருகிறவர்கள் பேசுவார்கள். வேறு பாதகம் இல்லை.

இந்தத் தெருவில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மக்தலேனும் நானும் ஒவ்வொரு வருஷமும் மாரி விட்ட பிறகு இந்தச் சுற்றைப் போவோம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரைச்சாணி விற்ற பெண்கள் சைக்கிள் அவளுடையது. இங்கே சமதரையான தெரு குளத்தைச் சுற்றிப் போகும் தெரு ஒன்றுதான். அதில்தான் சைக்கிள் ஓடப் பழகினாள். அவள் இறந்து நாலு வருஷம். நாலு வருஷமும் வேலையைச் சாட்டிக்கொண்டு இந்தச் சுற்றுக்கு நான் வரவில்லை. இனிச் சாட்டு இல்லை. ஒருமுறை போய்விட்டு வருகிறேன் அக்கா.

உங்கள் பாசமுள்ள தம்பி,
கிறிஸ்துநாயகம்

✦

யேசு மரி சூசை

அரியாலை,
28–1–1938

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் கடிதம் கிடைத்தது. தெருவில் நிற்கும் பெண்களோடு வாய் கொடுப்பதை ஒரு ஓவசியர் கடிதத்தில் எழுதவேண்டியதில்லை.

நீ எப்போது வருகிறாய் என்று கோவிலில் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி போன கிழமை வேலியடியில் நின்று, "என்ன அக்கா, தம்பியார் சைக்கிளிலையே யாழ்ப்பாணம் வாறாராம்? அப்ப இந்தப் பொங்கலுக்கு வெளிக்கிட்டவர் வாற பொங்கலுக்கு வந்து சேருவார்" என்றாள். அவளுக்கு வாய் நீளம். புருஷன் மலாயாவில், பேச ஆளில்லாமல் என்னோடு பேசுகிறாள்.

நேற்று முன்தினம் அவளோடு மானிப்பாய்க்குப் பஸ்ஸில் போய்வந்தேன். அவளுக்கு அங்கே ஆசுபத்திரியில் ஒரு அலுவல், துணைக்குப் போனேன். வழி முழுதும் ஒரே குலுக்கல். வந்து படுத்தவள் இன்றுதான் எழுந்தேன். களைப்பு என்று எண்ணாதே. தெரு சரியில்லை. யாழ்ப்பாணத்துக்கும் ஒரு ஓவசியர் தேவை.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. வந்த பிறகு காட்டலாம் என்றுதான் இருந்தேன். நீ வருகிற வேகத்தைப் பார்த்து இப்போதே எழுதுகிறேன். சேமக்காலையில் அப்பா, அம்மா, அவர் மூவரும் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உனக்கும் எனக்கும் சேர்த்துக் கல்லறை கட்டுவித்துவிட்டேன். மேலே கருங்கல்லில் என் பெயர், அதன் கீழ் உன் பெயர், இருவரும் பிறந்த வருஷம். இறந்த வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. எழுத்து மிக அழகாக விழுந்திருக்கிறது.

கனிசியஸ் மேசன் உளியைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, தம்பியார் உயிரோடை இருக்கேக்கை பேரை வெட்டுறது..." என்று இழுத்தார்.

"உயிரோடை இருக்கிற ஆளாலைதான் பேர் சரியோ பிழையோ எண்டு வந்து பாக்கலாம். வெட்டும்" என்றேன்.

பென்சனோடு வருகிற எவருக்கும் இந்த ஊரில் இவ்வளவு ஒழுங்காக எல்லாம் ஆயத்தமாக இருந்ததில்லை. நீ வந்து பார்த்தால் உன் மனம் ஆறுதல் அடையும்.

குளிரில் மார்பை மூடிக்கொள்.

உன் தமக்கை,
லூர்த்தம்மா

✦

நுவரெலியா,
18–2–1938

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்காக மன்றாடுகிறேன். பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இது கடவுள் தந்த குளம் அல்ல. வெள்ளைக்காரக் கவர்னர் ஒருவர் அணை கட்டுவித்துத் தேக்கிய தண்ணீர். ஆனால் விடிகாலையில் பனிப்புகார் தண்ணீரை விட்டு எழும்பும்போது அப்படித் தோன்றாது. தெருவில் சைக்கிளின் முன்சில்லுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சுற்றிச் சுற்றிப் போனால் புறப்பட்ட இடத்துக்கே வரும் தெரு. மக்தலேன் பழகிய நாட்களில் நான் பின்னால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். குதிரைப் பந்தயத் திடலருகே ஒருநாள் பிடியை விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியாது. பின்னால் நான் வருகிறேன் என்று எண்ணி, பேசிக்கொண்டே தூரம் போய்விட்டாள். இப்போதும் அந்த இடத்தில் என் கால் மிதிப்பதை நிறுத்திவிடுகிறது.

அக்கா, கல்லில் என் பெயரை வெட்டுவித்ததை அன்பு என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நான் அந்த இடத்தில் படுக்கமுடியாது. குளத்துக்கு மேலே மேட்டில் எங்கள் சேமக்காலை இருக்கிறது. மக்தலேனை அங்கே வைத்தபோதே பக்கத்தில் எனக்கு இடம் விடுவித்தேன்.

அவள் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகள் என்பது உங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எனக்கு இருபத்தாறு வருஷம் மனைவியாக இருந்தாள். நீங்கள் ஒரு கடிதத்திலும் அவள் பெயரை எழுதியதில்லை. 'உன் வீட்டில் சுகமா' என்று எழுதுவீர்கள். நான் வாசித்துக் காட்டினால், "ஒங்க அக்காவுக்கு நான் ஒரு வீடுங்க. கூரை ஒழுகுதான்னு கேக்கிறாங்க" என்று சிரிப்பாள். அவள் இறந்தபோதும் 'உன் வீட்டில் நடந்த துக்கம்' என்றே எழுதினீர்கள். அப்போது சிரிக்க ஒருவரும் இல்லை.

சண்டைக்கு எழுதவில்லை. களைப்பில் எழுதுகிறேன். நான் ஊருக்கு வருவேன், உங்களோடு இருப்பேன், மூன்றாவது வாங்கிலும் இருப்பேன். ஆனால் செத்த பிறகு என்னை இங்கே கொண்டுவரவேண்டும். அதற்கு நீங்கள் ஓம், சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள். இன்னும் வெலிமடைப் பக்கம் போகவேண்டியிருக்கிறது. பதில் வரும் வரை குளத்தடியிலேயே நிற்கிறேன்.

உங்கள் தம்பி,
கிறிஸ்துநாயகம்

✦

யேசு மரி சூசை

அரியாலை,
24–2–1938

தம்பிக்கு,

நான் சுகம். உன் கடிதம் கிடைத்தது.

பிரேதத்தை ரயிலில் ஏற்றி மலைக்கு அனுப்பும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. கல்லும் வெட்டியாகிவிட்டது. நீ படித்தவன், யோசித்துப் பார்.

தபசுகாலம் தொடங்கப் போகிறது. ஒருசந்தி உபவாச நாட்களைத் தவறவிடாதே.

லூர்த்தம்மா

(கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில்)

அண்ணை, கும்பிடுறன். நான் பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி. அக்கா இதைத் தபாலிலை போடச் சொல்லித் தந்தவ. கோவத்திலை ஒட்டாமலே தந்திட்டா. மானிப்பாய் ஆசுபத்திரியிலை எனக்கு ஒரு அலுவலும் இல்லை. அவவைக் காட்டத்தான் போனது. நெஞ்சு நல்லாப் பலவீனமாம். படி ஏறக்கூடாது, கிணத்திலை தண்ணி அள்ளக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். அள்ளுறா. நான் ஏதும் சொன்னால் "நீர் உம்மடை கிணத்தைப் பாரும்" எண்டுறா. இரவு ஒவ்வொரு நாளும் தெற்கு அறையிலை விளக்குக் கொளுத்தி வைக்கிறா, ஆர் இருக்கினம் எண்டு தெரியேல்லை. கெதியா வாங்கோ. நான் எழுதினது எண்டு சொல்லிப்போடாதையுங்கோ.

✦

நுவரெலியா,
21–3–1938

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் உடம்பை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அள்ள ஒரு ஆளை வையுங்கள். வயது போனவர்களுக்குப் பொதுவாகச் சொல்கிறேன்.

நான் வெலிமடைக்குப் போகவில்லை. அந்தச் சுற்றை விட்டுவிட்டேன். நேரே வீட்டுக்கு வர நினைத்துத்தான் இருந்தேன். சைக்கிளின் முன்சில்லு வளைந்துவிட்டது. திருத்தக் கொடுத்திருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் தங்கவேண்டி வந்துவிட்டது. உயிர்த்த திருநாளுக்கு வரப் பார்க்கிறேன்.

கல்லைப்பற்றி இனி நான் எழுதவில்லை. நீங்களும் அதை நினைத்து மனதை வருத்தவேண்டாம்.

உங்கள் தம்பி,
கிறிஸ்துநாயகம்

✦

யேசு மரி சூசை

அரியாலை,
28–3–1938

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ ஒரு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்து, கடைசியில் பென்சிலால் எழுதியிருக்கிறாய். பென்சிலால் கடிதம் எழுதுவது மரியாதை அல்ல. நுவரெலியாவில் மை விற்கவில்லையா? அத்தனை துரைமார் இருக்கும் ஊரில் ஒரு சில்லைத் திருத்த ஆளில்லை என்பதையும் நான் நம்பவில்லை. நீ கோபத்தில் நிற்கிறாய். அதை நேரே எழுதலாம்.

நீ கேட்ட ஒரு வரியை எழுத எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகக் கனிசியஸ் மேசனைக் கூப்பிட்டு உன் பெயரின் மேல் சீமெந்து பூசுவித்தேன்.

"வெட்டச் சொன்னதும் நீங்கள், பூசச் சொல்லுறதும் நீங்கள். அப்ப நான் ஆர் அம்மா?" என்று கேட்டார்.

"நீர் மேசன்" என்றேன்.

மழை பெய்து நனைந்தால் எழுத்து உள்ளே தெரியுமாம். தெரிந்துவிட்டுப் போகட்டும். நான் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பி வீட்டுக்கு வர நெடுநேரம் சென்றது. வெயில் கடுமை.

உன்னை எங்கே வைக்கவேண்டுமோ அங்கே வைக்கட்டும். அது நான் போன பிறகு நடக்கும் காரியம். நான் நின்று பார்க்கப்போவதில்லை. உயிரோடு இருக்கும் வரை இங்கே இரு. நான் கேட்பது அதுதான்.

பெரிய வியாழன் காலை வண்டிக்கு ஸ்டேசனுக்குக் கார் அனுப்புவேன். சைக்கிளை அங்கே யாருக்காவது கொடுத்துவிட்டு வா. கொடுக்க மனமில்லையென்றால் கொண்டு வா. கொட்டிலில் இடம் இருக்கிறது.

உன் தமக்கை,
லூர்த்தம்மா

✦

யேசு மரி சூசை

அரியாலை,
19–4–1938

தம்பிக்கு,

உயிர்த்த திருநாள் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை கார் போய்த் திரும்பி வந்தது. சனிக்கிழமையும் அனுப்பினேன். அன்று காரில் நானும் போனேன். பிளாட்பாரத்தில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு ஸ்டேசன் மாஸ்டர் வந்து, "ஆரை அம்மா பாக்கிறியள்?" என்று கேட்டார். "ஒருவரையும் இல்லை, காத்துக்கு வந்தனான்" என்றேன். காற்று வாங்க ரயில் ஸ்டேசனுக்குப் போன முதல் ஆள் நான்தான்.

ஞாயிறு பூசையில் மூன்றாவது வாங்கில் வேறு யாரோ இருந்தார்கள். நான் சொல்லி எழுப்பவில்லை.

பாலேஸ்வரி தான் எழுதியதை ஒப்புக்கொண்டுவிட்டாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பயந்து அழுதாள். அப்படியென்றால் என் நெஞ்சு எப்படி இருக்கிறது என்பது உனக்கு மாசி மாதமே தெரியும். தெரிந்துகொண்டும் நீ குளத்தைச் சுற்றுகிறாய்.

எனக்குக் கோபம் இல்லை. கோபப்படப் பலம் வேண்டும். இப்போது பின்னேரங்களில் கட்டிலிலிருந்து வாசலுக்குப் போவதே எனக்கு ஒரு பயணம்.

நான் இனி எழுதமாட்டேன். நீ சுகமாக இரு.

லூர்த்தம்மா

✦

நுவரெலியா,
1–5–1938

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை முறைப்படி எழுதமுடியவில்லை. நான் சுகமில்லை.

பாலேஸ்வரியின் வரிகளைப் படித்த அன்றே வெளிக்கிட்டேன். மத்தியானம் நானுஓயாவில் வண்டி இருந்தது. குளத்தடியிலிருந்து ஸ்டேசனுக்கு ஒரே இறக்கம். வழக்கம்போலக் கொப்புக் கட்டித்தான் இறங்கினேன், ஆனால் வழக்கத்தைவிடச் சிறிய கொப்பு. வண்டியைப் பிடிக்கவேண்டும் என்ற அவசரம். கொப்பு ஒரு வளைவில் மதகுக் கல்லில் சிக்கிக்கொண்டது. சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. முன்சில்லு வளைந்தது என்று எழுதியது உண்மை. இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்ததை எழுதாமல் விட்டேன். அன்றிலிருந்து ஆசுபத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன். மல்லாந்து கிடந்தால் மைப் பேனை எழுதாது, அதனால்தான் பென்சில்.

படி ஏறக்கூடாத நெஞ்சோடு இருப்பவருக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. திருநாளுக்குள் எழும்பிவிடுவேன் என்று உண்மையாகவே நம்பினேன். டொக்டரிடம் தினமும் கேட்டேன். அவர், "ஓவசியர், தெரு உடைஞ்சா நீங்க எவ்வளவு நாள்ல திறப்பீங்க?" என்றார். "கல் வந்து சேருறதைப் பொறுத்தது" என்றேன். "இதுக்குக் கல்லு வெளியிலேருந்து வராதே" என்றார்.

ஆடி கழிந்தால் தூக்கி ரயிலில் ஏற்றலாம், அதற்கு முன் கூடாது என்று இப்போது சொல்லிவிட்டார்கள். இனித் தடி இல்லாமல் நடக்கமாட்டேனாம். ஆடி வரை பொறுத்திருப்பீர்களா என்று உங்களிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதைச் செய்ய முடியாதவனாகக் கிடக்கிறேன். பாலேஸ்வரி நல்ல மனசுள்ளவள். அயல் வீட்டார் என்று பார்க்காமல், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா.

சீமெந்து பூசுவித்ததை வாசித்தபோது அழுதேன். அதையும் அப்போது எழுதவில்லை.

கிறிஸ்துநாயகம்

✦

யேசு மரி சூசை

அரியாலை,
7–5–1938

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகமில்லை. நீயும் சுகமில்லை. ஆகையால் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆடி மாதம் வரை இந்த நெஞ்சு பொறுக்கும் என்று மானிப்பாய் டொக்டரும் சொல்லவில்லை. நேற்றுப் போய் நேரே கேட்டேன். நான் பிரயாணம் போவதாக இருக்கிறேன் என்றும் சொன்னேன். எங்கே என்று கேட்டார். நுவரெலியா என்றதும் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, உங்களை நான் படி ஏறக்கூடாதெண்டு சொல்லியிருக்கிறன். நீங்கள் மலை ஏறப்போறன் எண்டுறியள்" என்றார்.

"ஏறப்போறது ரயில், டொக்டர். நான் இருக்கப்போறன்" என்றேன்.

மருந்தை மட்டும் எழுதித் தந்தார். அறிவுள்ள மனிதர்.

அடுத்த வெள்ளிக்கிழமை மெயில் வண்டியில் வெளிக்கிடுகிறேன். இடையில் வண்டி மாறி ஏறவேண்டுமாம். பாலேஸ்வரி கூட வருகிறாள். நான் கூப்பிடவில்லை. "நான் எழுதின எழுத்தாலைதானே அண்ணை விழுந்தவர், நான் வராமல் ஆர் வாறது?" என்று தானாகவே பெட்டி கட்டிவிட்டாள். வழி முழுதும் பேசுவாள். அதையும் சகிக்கவேண்டியதுதான்.

வீட்டைப் பூட்டித் திறப்பைச் சுவாமியிடம் கொடுக்கிறேன். சண்டிலிப்பாய் ஓவசியரிடம் சொல்லி, ஆசுபத்திரிக்குப் பக்கத்தில், படி இல்லாத ஒரு சிறு வீடு பார்க்கச் சொல். ஸ்டேசனுக்கும் அவரே வரட்டும். வண்டி பிந்தினால் நின்று காத்திருக்கச் சொல். நானும் காத்திருந்திருக்கிறேன், ஒருவரும் அதனால் செத்துவிடுவதில்லை.

நீ கட்டிலிலிருந்து எழும்பவேண்டியதில்லை. நான் கதிரையில் இருப்பேன். கண்ணை மூடுவதற்கு ஒருவர் நடக்கவேண்டியதில்லை, கை எட்டினால் போதும். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் கை எட்டுகிற தூரத்தில் என் கதிரையைப் போடச் சொல்.

அங்கே குளிர் கடுமை என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்னிடம் கம்பளிச் சட்டை ஒன்றும் இல்லை. இந்த ஊரில் வாங்கவும் முடியாது. மக்தலேனுடையது இருந்தால் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போடச் சொல். அவள் என்னைவிட உயரம், எனக்கு நினைவிருக்கிறது. கை நீளமாக இருந்தால் மடித்துக்கொள்ளலாம்.

உன் தமக்கை,
லூர்த்தம்மா